அக்காவின் பிறந்தநாளில் எனக்கு வயதாகிவிட்டது

தேகு நகரம்,
மே மாதம்

என் மகள் நாரேவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் மூச்சுக்கும் வாய்க்கும் குறைவில்லாமல் இருக்கிறேன். அங்கே போலந்தில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, குளிரில் தலையை மூடிக்கொண்டு, நல்லபடியாக இருப்பாய் என்று நம்புகிறேன். ஃபோன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். ஃபோனில் எனக்குக் கோபம் வந்தால் நாக்கு இன்னும் அதிகமாகக் குழறுகிறது, உடனே நீ அழ ஆரம்பிக்கிறாய், இரண்டு பேரும் ஒன்றும் பேசாமல் வைத்துவிடுகிறோம். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. இடது கையின் அந்த ஒரு விரலால்தான் தட்டுகிறேன், காலையில் கொஞ்சம் கொஞ்சமாக. தோக்-சிம் சித்தி தாளில் எடுத்து அஞ்சலில் சேர்ப்பாள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள், பள்ளிக்கூடத்தில் என்னைச் சேர்க்கவில்லை, நூடுல்ஸ் பாக்கெட்டைப் பார்த்து எழுத்துப் படித்தவள் நான்.

போன மாதம் என் பிறந்தநாள் என்று அரசாங்கம் சொல்கிற நாள் வந்ததல்லவா, அன்று காலையில் தோக்-சிம் வழக்கம்போலப் பிறந்தநாளுக்கான கடற்பாசி சூப் செய்து எடுத்துக்கொண்டு வந்தாள். பதினோரு வருடமாக உதவியாளராக வந்து என்னைத் தூக்கிக் குளிப்பாட்டித் திட்டித் தூங்கவைக்கிறவள், அன்று கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள். "அக்கா, இதைக் குடிக்காதீங்க, குடிச்சா கிழவி ஆயிடுவீங்க" என்றாள். சிரிப்பாள் என்று பார்த்தேன், அழுதாள். விஷயம் எங்கள் இருவருக்கும் தெரியும்தான், கடிதம் முன்பே வந்திருந்தது, ஆனாலும் நான் நம்பவில்லை நாரே. அறுபத்தைந்து முடிந்தால் மாற்றுத்திறனாளிக்குக் கொடுக்கும் உதவியாளர் சேவை நின்றுவிடும், அதன்பிறகு முதியோர் பராமரிப்புதான் என்பது சட்டம். அதைப் படித்தபோது இது நல்ல கால் நல்ல கையோடு வயதாகிறவர்களுக்கு எழுதியது என்றுதான் நினைத்தேன். பிறந்ததிலிருந்து கழுத்து நிற்காதவளுக்கும் இதே சட்டமா? ஆமாம், இதே சட்டம்தான். பகலும் இரவும் ஆள் இருந்த வீட்டில் இப்போது நகரம் கொடுக்கும் கூடுதல் நேரத்தையும் சேர்த்துக் காலையில் மூன்று மணி நேரம்தான் ஆள் வருகிறாள். முதல் நாள் வரை நான் கடும் ஊனமுள்ளவள், மறுநாள் வெறும் பாட்டி. இன்னும் அந்த அதிர்ச்சியிலிருந்து நான் வெளியே வரவில்லை, வரும் எண்ணமும் இல்லை.

முதியோர் பராமரிப்பு எத்தனை தேவை என்று மதிப்பிட ஒரு பெண் வந்தாள். உன் வயதுதான் இருக்கும், நல்ல துணி, நல்ல பேச்சு. "பாட்டி, இப்ப என்ன காலம்னு சொல்லுங்க பாப்போம்" என்றாள். என் வாழ்நாளில் என்னைப் பாட்டி என்று கூப்பிட்ட முதல் ஆள் அவள். "எங்க வீட்ல வசந்தம், உங்க ஆபீஸ்ல எப்படி?" என்றேன். புரியாமல் தோக்-சிம்மைப் பார்த்தாள். பிறகு கையை உயர்த்த முடியுமா, புரண்டு படுக்க முடியுமா, தானாகச் சாப்பிட முடியுமா என்று வரிசையாகக் கேட்டாள். நான் முட்டாள்தனம் செய்தேன். பத்து வருடம் ஊனமுற்றோர் விடுதியில் கட்டிலோடு கிடந்து, வெளியே வந்து, முடியும் முடியும் என்று சொல்லியே வாழ்ந்த வாய் இது. "குச்சியால சாப்பிடுவேன்" என்று சொல்லி, கிம்ச்சி ஊறுகாயிலிருந்து முள்ளங்கித் துண்டு ஒன்றை எடுத்தும் காட்டிவிட்டேன். தோக்-சிம் சக்கர நாற்காலியைக் காலால் எத்தினாள், அதற்குள் அந்தப் பெண் தானாகச் சாப்பிடுவார் என்று குறித்துக்கொண்டாள். அவள் போன பிறகு தோக்-சிம் போட்ட சத்தம் கீழ்வீட்டுக்குக் கேட்டிருக்கும். "முப்பது நாளைக்கு ஒரு தடவை ஒரு துண்டு எடுப்பீங்க, அதை இன்னிக்கா எடுக்கணும்? உங்க மானத்துக்கு விலை என் இரவு வேலை!" அவள் சொன்னது சரிதான். அதைவிட அந்தப் பெண் கிளம்பும்போது சொன்னதுதான் என் தொண்டையில் நிற்கிறது. "ராத்திரிக்கு டயபர் கட்டிக்கிட்டா ஆளே தேவைப்படாது பாட்டி, நிறைய பேர் அப்படித்தான் இருக்காங்க." அன்பாகத்தான் சொன்னாள். அந்த அன்புதான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது.

இப்போது விடிந்ததிலிருந்து நான் தண்ணீர் குடிப்பதில்லை. குடித்தால் மதியத்துக்கு மேல் யார் என்னைக் கழிப்பறைக்குத் தூக்குவார்கள்? உதடு வெடித்திருக்கிறது, அதற்கு ஏதோ களிம்பு தடவுகிறாள் தோக்-சிம். போன வாரம் நீ திரும்பத் திரும்பக் கூப்பிட்டாயே, எடுக்கவில்லை என்று வருத்தப்பட்டாயே, அது கோபமில்லை கண்ணே. ஃபோன் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் விழுந்துவிட்டது. அது அங்கே கிடந்து அடித்துக்கொண்டே இருந்தது, நான் பார்த்துக்கொண்டே கிடந்தேன். உன் பெயர் திரையில் தெரிந்த வெளிச்சம்கூடச் சுவரில் பட்டது. மறுநாள் காலைவரை அதை எடுத்துக் கொடுக்க ஆளில்லை. இதை எழுதியிருக்கக் கூடாதுதான், ஆனால் உன்னிடம் மறைத்தால் நீ வேறு எதையாவது கற்பனை செய்வாய். நல்லவேளை தோக்-சிம்மிடம் முதியோர் பராமரிப்புச் சான்றிதழும் இருந்தது, அதனால் அவளே வர முடிகிறது. மதியம் வேலை முடிந்ததாக ஃபோனில் பதிந்துவிட்டுச் செருப்பு மாட்டிக்கொண்டு போவாள், படிக்கட்டு வரை போய்த் திரும்பி வந்து, "குடையை மறந்துட்டேன்" என்பாள். மழையே இல்லாத மாதத்தில் அவள் எத்தனை குடை மறக்கிறாள் தெரியுமா.

சரி, நீ சொன்ன யோசனைக்கு வருகிறேன். பதிவேட்டில் இருக்கும் என் வயதைத் திருத்தினால் மூன்று வருடம் கிடைக்கும், அந்த மூன்று வருடத்தில் ஏதாவது வழி பிறக்கும், இல்லாவிட்டால் வேலையை விட்டுவிட்டு வந்துவிடுகிறேன் என்று சொன்னாய். இரண்டையும் நான் தள்ளிவிடவில்லை, நிஜமாகவே யோசித்தேன். வக்கீலம்மா சோங்கிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். போர் முடிந்த மறுவருடம் என் அப்பா அம்மாவுக்கு ஒரு பெண் பிறந்தது, ஓ-மோக் என்று பெயர் வைத்தார்கள், இரண்டு வயதில் அம்மை போட்டு இறந்துவிட்டது. இறப்பை யாரும் பதியவில்லை. அந்த வருடக் கடைசியில் நான் பிறந்தேன். பிறந்த உடனே கை கால் விறைத்துக் கிடந்ததைப் பார்த்து, இதுவும் பிழைக்காது, பதிவுக்கு எதற்கு இரண்டு முறை அலைவது என்று அக்காவின் பெயரையே, அக்காவின் தேதியையே எனக்கு விட்டுவிட்டார்கள். நான் பிழைத்துவிட்டேன். அதனால் இரண்டு வயதில் போன குழந்தைக்கு இந்த ஏப்ரலில் அறுபத்தைந்து வயது ஆகி, அரசாங்கம் அவளுக்கு முதியோர் பராமரிப்பு கொடுக்கிறது. வக்கீலம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

சாட்சி வேண்டும் என்றார். அக்கா இறந்ததைப் பார்த்தவர் உயிரோடு இருப்பது உன் பெரிய மாமா ஒருவர்தான். கடல் பார்க்கப் போகலாம் என்று என்னைப் பதினேழு வயதில் கூட்டிக்கொண்டு போய் மலைமேல் இருந்த விடுதியில் விட்டுவிட்டு வந்த அதே மாமா. உன் அப்பாவின் சாவுக்குக்கூட வராதவருக்கு, உனக்காக நான் ஃபோன் செய்தேன். "பேரும் ஓசியில கிடைச்சுது, மூணு வயசும் ஓசியில கிடைச்சுது, இப்ப வந்து வேண்டாங்கறியே" என்று சிரித்தார். பிறகு அங்கே ஓடிக்கொண்டிருந்த டிவியை நிறுத்தினார். "அந்தப் பாப்பாவுக்கு முடி சுருட்டையா இருக்கும். எங்க வேணாலும் கையெழுத்துப் போடறேன்" என்றார். எனக்கு அதுவும் அதிர்ச்சிதான். மாட்டேன் என்று சொல்வார், நன்றாகத் திட்டலாம் என்று தயாராக இருந்தேன்.

ஆக வழி திறந்துதான் இருந்தது. அதைச் சொல்ல நகராட்சி வாசலுக்குப் போனேன். இரண்டு வாரமாக அங்கே பத்துப் பன்னிரண்டு சக்கர நாற்காலிகளோடு உட்கார்ந்திருக்கிறோம், இந்த அறுபத்தைந்து வயது விதியை எடுக்கச் சொல்லி. மான்-சிக் உனக்கு நினைவிருக்கும், சின்ன வயதில் உன்னை மடியில் வைத்து நாற்காலியை வேகமாக ஓட்டுவானே, அவனுக்கு இந்த இலையுதிர் காலத்தில் அறுபத்தைந்து ஆகிறது. இரவில் அவனைப் புரட்டிப் போட ஆள் இல்லாவிட்டால் மூச்சு நின்றுவிடும். நான் கதையைச் சொன்னதும் அவன் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? "அப்ப நீ என்னைவிடச் சின்னவளா? இருபது வருஷமா அக்கா அக்கான்னு கும்பிட்டு, இறைச்சியில பெரிய துண்டை உனக்கு வெச்சேனே, அதெல்லாம் திருப்பிக் குடு! இனிமே நீதான் என்னை அண்ணான்னு கூப்பிடணும்." எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். முடியாது என்று சொல்லிவிட்டேன். பிறகு அவன், "எங்கம்மா சோம்பேறி, எனக்கு முன்னாடி ஒண்ணைப் பெத்துச் சாகக் குடுத்திருந்தா நானும் தப்பிச்சிருப்பேன்" என்றான். அப்போது யாரும் சிரிக்கவில்லை.

அன்று சாயந்திரம் வக்கீலம்மா தயங்கித் தயங்கிச் சொன்னார். அரசியல் சாசன நீதிமன்றத்தில் இந்த விதிக்கு எதிராக நாங்கள் போட இருக்கும் வழக்குக்கு, வயது முடிந்து சேவை பறிபோன ஒருவர் வாதியாக நிற்க வேண்டும். எங்கள் கூட்டத்தில் அப்படி இருப்பது இப்போதைக்கு நான் ஒருத்திதான். மான்-சிக்குக்கு வயதாகும்வரை காத்திருக்கலாம், ஆனால் அதன்பிறகு அவன் எத்தனை நாள் காத்திருப்பான் என்று அவர் சொல்லாமல் விட்டார். நான் அறுபத்திரண்டு ஆகிவிட்டால் எனக்கு நஷ்டமே இல்லை, வழக்கும் இல்லை. "காகிதத்தில் இருப்பதுதான் சட்டத்துக்கு வயது, ஆனா நான் உங்களைக் கட்டாயப்படுத்த மாட்டேன் அம்மா, மூணு வருஷம் பெரிசு" என்றார். மான்-சிக் உடனே, "போய் வயசைக் குறைச்சுக்கடி முட்டாளே, உயிரோட இருந்தாத்தான் சண்டை போட முடியும்" என்று கத்தினான். 'அக்கா' போய் அதற்குள் 'டி' ஆகிவிட்டது பார்.

நான் அறுபத்தைந்தாகவே இருக்கப் போகிறேன் நாரே. வாதியின் பெயர் ஓ-மோக், பிறந்த தேதி அக்காவுடையது. கையெழுத்துப் போட்டாகிவிட்டது, நீ தடுக்க வேண்டாம். இதைப் படித்ததும் டிக்கெட் எடுக்க ஓடுவாய், அதற்காகத்தான் முக்கியமாக இந்தக் கடிதம். நீ வரக் கூடாது. வேலையை விடக் கூடாது, என் முகவரியில் உன் பெயரைப் பதியவே கூடாது. அலுவலகத்தில் ஒருவர் என்னிடம், "மகள் வந்துட்டா எங்களுக்கும் நிம்மதி, தனியா இருக்கறவங்களுக்கு நகரம் குடுக்கற கூடுதல் நேரத்தையும் அப்ப வேற யாருக்காவது குடுத்துடலாம்" என்றார். எப்படி இருக்கிறது பார். நீ பாசத்தோடு வீட்டுக்குள் காலை வைத்தால் கையில் இருக்கிற கொஞ்சமும் போகும். பிள்ளைகள் இருக்கிறார்களே என்று சொல்லித்தான் அந்த விதியே நிற்கிறது. அதற்குத் தூணாக என் மகளைக் கொடுக்க மாட்டேன். உன்னைப் பெற்றபோது ஆஸ்பத்திரியில், பிற்காலத்தில் உங்களைப் பார்த்துக்கொள்ள ஆளாயிற்று என்று ஒரு நர்ஸ் சொன்னாள். உன் அப்பா தன் சக்கர நாற்காலியிலிருந்தே அவளைத் துரத்தினார். அவர் பேச்சை நான் மீற மாட்டேன்.

மதியத்துக்கு மேல் கூட்டத்துப் பிள்ளைகள் முறை வைத்து வருகிறார்கள், ஃபோனைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் மாட்டியிருக்கிறேன், இனி விழாது. பயமில்லை என்று சொன்னால் நீ நம்ப மாட்டாய், அதனால் சொல்லவில்லை. நீ வேளைக்குத் தண்ணீர் குடி. உனக்கென்ன, எழுந்து போக முடியும். பெரிய மாமாவுக்கு ஒரு வரி எழுது, அவர் செய்ததை நான் மன்னிக்கவில்லை, ஆனால் அந்தச் சுருட்டை முடியைச் சொன்னதற்காக எழுது. இந்தக் கடிதத்தை வேறு யாருக்கும் காட்டாதே, வழக்கு முடியும்வரை எனக்கு மூன்று வயது அதிகம்.

ஒன்று மறந்துவிடாதே. இனி ஏப்ரலில் எனக்கு வாழ்த்துச் சொல்லாதே, அது அந்தக் குழந்தையின் நாள். நான் பிறந்த தேதி எனக்கே தெரியாது. குளிர்காலத்துக்குக் கிம்ச்சி போட்டுக்கொண்டிருந்தபோது வலி வந்தது, கையில் மிளகாயோடுதான் என்னைப் பெற்றதாக என் அம்மா சொல்லக் கேட்டிருக்கிறேன். நவம்பரில் தோக்-சிம் முட்டைக்கோஸ் உப்பில் போடுகிற அன்று, விருந்தாளியாக, பெட்டியோடு வா. கடற்பாசி சூப் நீ செய். ஒரு வாரம் சண்டை போடலாம், கிம்ச்சியைக் கட்டிக்கொண்டு திரும்பிப் போய்விடு. நீ எங்கே இருந்தாலும் உன் கை உன் வேலைக்கே இருக்கட்டும், நீ நீண்ட காலம் நன்றாக இரு.

உன் அம்மா,
உனக்கு மட்டும் அறுபத்திரண்டு வயது