பார்சலில் வந்த வெள்ளைத் துணி

மாண்ட்ரியால்,
ஜூன் 14

சௌபாக்கியவதி பிரியம்வதாவுக்கு அம்மாவின் ஆசிகள். இங்கே அப்பாவும் நானும் உடம்பளவில் சுகம். நீ சுகமா என்று கேட்கிற தகுதியை நானே கெடுத்துக்கொண்டேன், ஆனாலும் கேட்கிறேன். என் நம்பரைத் தடுத்துவிட்டாய், மெயிலுக்கும் பதில் இல்லை, அதனால் நீ கட்டிக்கொள்ளப்போவதாகச் சொன்ன யூலினின் அம்மா ஜனவரியில் சீனாவிலிருந்து அனுப்பிய பார்சலின் அட்டையிலிருந்த இன்ச்சுவான் ஊர் விலாசத்தைச் சீன எழுத்து ஒவ்வொன்றாகப் பார்த்து வரைந்து இதை அனுப்புகிறேன். ஒரு கோடு பிசகினாலும் போய்ச் சேராது என்கிறாள் பக்கத்து வீட்டு ஸ்ரீலேகா. அப்பாவுக்கு பைபாஸ் நல்லபடியாக முடிந்தது, காலையில் நடக்கிறார், உப்பில்லாமல் சாப்பிடுகிறார், என்னோடு மட்டும் பேச்சில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று, "நான் பொழச்சு வந்துட்டேன் அனு, பொண்ணத்தான் நீ தொலைச்சுட்ட" என்றார், அவ்வளவுதான்.

பார்சல் வந்தபோது ஆபரேஷனுக்கு நான்கே நாள். பிரித்தால் வெள்ளை வெளேரென்று, தலையும் காதும் கழுத்தும் மூடுகிற துணி, ஓரமெல்லாம் கைத்தையல். புருஷன் நெஞ்சைப் பிளக்கப்போகிற வாரத்தில் ஒருத்திக்கு வெள்ளை அனுப்புவார்களா என்று எனக்குக் கண் இருட்டிவிட்டது. வீடியோவில் கூப்பிட்டு, நான் தாலி அறுக்க வேண்டும் என்று இவளுக்கு ஆசையா என்று கத்தினேன். நீ விளக்க வாயெடுத்தாய், நான் விடவில்லை. யூலினை விட்டுவிட்டு வா, இல்லாவிட்டால் எனக்கு மகளே கிடையாது என்றேன். உன் பக்கத்தில் அந்த அம்மா, துணி பிடித்ததா என்று கேட்கக் காத்துக்கொண்டு சிரித்த முகமாக உட்கார்ந்திருந்தார். தமிழ் தெரியாவிட்டால் என்ன, என் முகம் தெரிந்திருக்கும். பிறகு நான் செய்தது உனக்குத் தெரியாது. அந்தத் துணியை நாலாகக் கிழித்து, பனி உருகத் தெருவில் கொட்டுகிற உப்பு காரில் படிந்திருந்ததைத் துடைத்துக் குப்பையில் போட்டேன்.

மே மாதம் இங்கே வில்லரே பக்கம் பல் டாக்டரைப் பார்த்துவிட்டு ஒரு நூடுல்ஸ் கடைக்குள் நுழைந்தேன். கல்லாவில் எழுபது வயது அம்மாள், தலையில் அதே மாதிரி வெள்ளை. ஐயோ பாவம் என்று நினைத்து முடிப்பதற்குள் வெள்ளைக் குல்லாய் போட்ட கிழவர் மாவுக் கையோடு வந்து அவரிடம் சண்டை பிடித்தார். புருஷனாம். எனக்கு வந்த துணியைப் பற்றி அந்த அம்மாளிடம் விசாரித்தேன். யூலின் வீட்டாரைப் போலச் சீனாவின் ஹுய் முஸ்லிம்கள்தான். கடவுளுக்கு முன் அடக்கமாக இருக்கத்தான் முடியை மூடுகிறார்களாம், தொழும்போது நெற்றி தரையில் படவேண்டும் என்பதால் ஆண்களின் குல்லாய்க்கு விளிம்பு கிடையாதாம். அவர் ஊர் வழக்கத்தில் கன்னிப்பெண்ணுக்குப் பச்சை, கல்யாணமானவளுக்குக் கறுப்பு, வயதும் மதிப்பும் கூடிய பெண்களுக்கு வெள்ளை. சம்பந்திக்குத் தன் கையால் தைத்து அனுப்பினால் அக்காவாக ஏற்றுக்கொண்டதாக அர்த்தம் என்று பாதி பிரெஞ்சும் பாதி இங்கிலீஷுமாகச் சொன்னார். அந்தத் துணியை எப்போது தலையில் கட்டிக்கொள்ளப் போகிறீர்கள் என்று வேறு கேட்டார். காசை வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

போன வாரம் ஸ்ரீலேகா தன் போனில் உன் படத்தைக் காட்டினாள். ஜனவரி வீடியோவில் தலையில் பச்சைத் துணியோடு இருந்தவள் இப்போது கறுப்பில் நின்றாய். என் ஒரே பெண்ணின் கல்யாணத்தை ஒரு துணியின் நிறத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன் பிரியா. நீ மதம் மாறியதில் எனக்கு வருத்தமில்லை என்று பொய் சொல்ல மாட்டேன், ஆனால் இப்போது அழுவது அதற்காக இல்லை. உன் மாமியாரிடம் நான் செய்ததைச் சொல்வதும் விடுவதும் உன் இஷ்டம். சொன்னால், காலில் விழக்கூட எனக்கு முகமில்லை என்று சேர்த்துச் சொல்.

அங்கே காற்று வறட்சியாமே, உதட்டுக்குத் தேங்காய் எண்ணெய் தடவு. நீயும் யூலினும் நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் சேர்ந்திருங்கள். ஒன்று மட்டும் மறக்காதே. அப்பா கூப்பிட்டாலும் நீ எடுப்பதில்லை, பக்கத்தில் நான் இருப்பேன் என்பதால்தானே. ஞாயிற்றுக்கிழமை காலை எட்டிலிருந்து பத்து வரை நான் முருகன் கோயிலுக்குப் போய்விடுவேன், உனக்கு அப்போது இரவு எட்டு. அந்த நேரத்தில் கூப்பிடு, அவர்தான் எடுப்பார். என்ன பேசினீர்கள் என்று நான் கேட்க மாட்டேன்.

இப்படிக்கு,
அம்மா அனுசூயா