பின்மூடியும் நாற்பது வாட் பல்பும்

நவம்பர் 2, திங்கள்

விடாத மழை. மூங்கில் கம்பில் போட்ட துணி எல்லாம் மறுபடி ஈரம்.

டிவி செத்துக் கிடக்கிறது. படம் இல்லை, சத்தம் இல்லை. ஃபியூஸ் போகவில்லை. பவர் சப்ளையாகத்தான் இருக்கும்.

நான் வேலை பார்க்கும் டிவி ஃபாக்டரியில், பழுதான செட்டுகளைச் சரிசெய்யும் ரிப்பேர் பெஞ்சுக்கு ஆள் எடுக்கிறார்கள். இரண்டு வருடமாக சர்க்யூட் போர்டில் ஒரே துளையில் ஒரே பாகத்தைச் சொருகிக்கொண்டிருக்கிறேன். லைன் லீடர் மிஸ் லிம் தானாகவே ஒரு ஃபாரம் கொடுத்தாள். "யூ கேன் லா." எனக்குப் பதினேழுதான், அதனால் கார்டியன் கையெழுத்து வேண்டும். அம்மா போனபின் அது அண்ணன். வெள்ளிக்கிழமை கடைசி நாள்.

சாப்பிடும்போது அண்ணனிடம் நீட்டினேன்.

"செகண்டரி டூ-ல நின்ன கழுதைக்கு ரிப்பேர் பெஞ்சா? இந்த டிவிய முதல்ல சரி பண்ணு. பண்ணிட்டா சைன் போடறேன்."

அண்ணி சிரித்தாள். "வாயவே திறக்க மாட்டா, டிவியத் திறக்கப் போறாளாம்."

நான் பள்ளியை விட்டு நிற்கவில்லை. நிறுத்தினார்கள். அண்ணிக்குப் பிள்ளை பிறந்தபோது.

நவம்பர் 3, செவ்வாய்

எனக்கு மதிய ஷிஃப்ட், அண்ணி திரும்பி வந்தபின்தான் கிளம்புவேன். காலையில் இருவரும் வேலைக்குப் போனதும் பிள்ளையைத் தூங்க வைத்துவிட்டுத் திறந்தேன்.

பிளக்கைக் கழற்றினாலும் பெரிய கப்பாசிட்டரில் மின்சாரம் தேங்கி நிற்கும். கை வைத்தால் தூக்கி அடிக்கும். ஃபாக்டரியில் முதல் நாளே மிஸ் லிம் சொல்லிக் கொடுத்தது: ஒரு பல்பில் இரண்டு ஒயர் கட்டி கப்பாசிட்டரின் கால்களில் வை, தேங்கியது வடிந்துவிடும். நாற்பது வாட் பல்பு. வைத்தேன். பளிச்சென்று மின்னி அணைந்தது. அழகு.

பக்கத்திலேயே ஒரு ரெசிஸ்டர் கருகிப் பிளந்திருந்தது. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு சுங்கை ரோடு பழைய சாமான் சந்தைக்குப் போய் அதேபோல் ஒன்று வாங்கி வந்தேன். வழியில் தேக்கா மார்க்கெட்டில் மீன். வந்து ஈயம் உருக்கி சால்டர் வைத்தேன். சுவிட்சைப் போட்டேன்.

படம் வந்தது. பிள்ளை கை தட்டியது.

நவம்பர் 4, புதன்

எனக்கு இன்று ஆஃப். வீட்டில் ஜெபக்கூட்டம், பத்துப் பேர். முடிந்ததும் டிவி. எதிர்வீட்டு ராஜு அங்கிள், "என்னப்பா, செத்துப்போச்சுன்னாங்க?"

"நான்தான் அங்கிள்," அண்ணன் முந்திக்கொண்டான். " பவர் சப்ளை. சின்ன வேலை."

அங்கிள் வீட்டிலும் அதே மாடல். அதுவும் நேற்றிலிருந்து அதேபோல் கிடக்கிறதாம். "நாளைக்கு வந்து பாக்கறேன் அங்கிள்," என்றான் அண்ணன். நான் காப்பி ஊற்றிக்கொண்டிருந்தேன். என்னைப் பார்க்கவில்லை.

எல்லாரும் போனபின், "அண்ணே, ஃபாரம்."

"எந்த ஃபாரம்?"

மேசையில் இருந்தது. மேலே மீன் முள் துப்பி வைத்திருந்தான்.

துடைத்தேன். கறை போகவில்லை.

நவம்பர் 5, வியாழன்

அண்ணன் லீவு போட்டிருந்தான். காலையில் அதட்டல். "ஏய் ஊமை, நீ எப்படிப் பண்ணினே? பேச வராது, எழுதிக் குடு."

எழுதிக் கொடுத்தேன்.
1. பிளக்கைக் கழற்றவும்.
2. பின்மூடி. ஸ்க்ரூ நான்கு.
3. பெரிய கப்பாசிட்டர் பக்கத்தில் கருகிய ரெசிஸ்டர்.
4. அதை எடுத்துப் புதியதை சால்டர் செய்யவும்.

பல்போடு சேர்த்து ஐந்து இருந்திருக்க வேண்டும். எனக்குத் தெரியும். என் எழுத்து நன்றாக இருக்கிறது என்றான்.

பத்து மணிக்கு எதிர்வீட்டில் அலறல். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். உரித்து முடித்தேன்.

மின்சாரம் தூக்கி அடித்ததில் அண்ணனின் வலது கை தகர விளிம்பில் கிழிந்துவிட்டது. ஏழு தையல், விரல் நுனிவரை கட்டு. அங்கிள் எல்லாரிடமும் சொல்கிறார்: "ஒரு ரிப்பேருக்கே பெரிய இஞ்சினியர் ஆயிட்டான்."

நவம்பர் 6, வெள்ளி

மழை இல்லை.

அண்ணன் தானாகவே கேட்டான். "அந்த ஃபாரத்தக் கொண்டா. அந்தக் கருமத்த நீயே கத்துக்க. இனிமே நான் தொட மாட்டேன்."

கொண்டுபோனேன். கட்டுக்குள் பேனா நிற்கவில்லை. இடது கையால் போட்டான். பூரான் ஊர்ந்தது போல் ஒரு கோடு.

ஃபாக்டரி ஆபீஸில் அண்ணனின் அடையாள அட்டை நகலைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். கையெழுத்து ஒத்துப்போகவில்லை. மீன் கறை வேறு. மிஸ் லிம் என் முகத்தைப் பார்க்காமல், "நெக்ஸ்ட் இயர் லா," என்றாள்.

திரும்பவும் அதே துளை, அதே பாகம்.

நவம்பர் 7, சனி

அண்ணனுக்கு இடது கையால் சாப்பிட அருவருப்பாம். கரண்டியும் வேண்டாமாம். "நீயே ஊட்டி விடு," என்றாள் அண்ணி. பெரிய உருண்டையாக உருட்டி ஊட்டினேன். மீன் குழம்பு. முள் எடுத்துத்தான் கொடுத்தேன்.

எல்லா முள்ளையும் அல்ல.