பிளேட்டைக் கழட்டச் சொன்னது நான்தான்

பட்டுக்குட்டிக்கு அம்மா எழுதுவது. நீயும் சித்தியும் சுகமா? எனக்குக் கால் வீக்கம் வற்றிவிட்டது. போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

போன வாரம் பல் ஆஸ்பத்திரியில் தரை துடைத்துக்கொண்டிருந்தேன். பல்லில் கட்டிய கம்பியை எடுத்து முடித்த ஒரு பெண்ணிடம், பல் நகராமல் இருக்க மாட்டும் பிளேட்டைக் கொடுத்து டாக்டரம்மா சொன்னார்: "சாப்பிடும்போதும் பல் தேய்க்கும்போதும் மட்டும் கழட்டு. டப்பாவுல போட்டு வச்சேன்னா, பல்லு பழைய வீட்டுக்கே குடிபோயிடும்." எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு உன் பிளேட்தான் நினைவுக்கு வந்தது.

அப்பா தவறி, நான் இந்த ஊருக்கு வேலைக்கு வந்த பிறகு தினமும் சாயங்காலம் போனில் பேசினோமே, பிளேட்டோடு நீ பேசினால் பேச்சு குழறி அழுகிற மாதிரியே எனக்குக் கேட்கும். தாங்க முடியாமல், "அந்தச் சனியனைக் கழட்டிட்டுப் பேசுடி. கம்பிதான் எடுத்தாச்சே, இன்னும் எதுக்கு?" என்றேன். கழட்டினாய். பிறகு நீ போடவே இல்லை.

முன்பல் மறுபடி கோணிவிட்டது என்று நீ சொன்னபோது, "அப்பா ஆசையா கட்டிவிட்ட கம்பி, பொறுப்பில்லாத கழுதை" என்று திட்டினேன். நினைத்தால் உடம்பு கூசுகிறது.

டாக்டரம்மாவிடம் கேட்டுவிட்டேன். பழைய பிளேட்டை நீயாக அழுத்தி மாட்டாதே, வெந்நீரில் கழுவாதே. சித்தியோடு போய், உனக்குக் கம்பி கட்டிய நம் டாக்டரிடம் காட்டு. கையால் வாயை மறைக்காமல் சிரித்து ஒரு போட்டோ அனுப்பு. சூப்பர்வைசர் கூப்பிடுகிறார், முடிக்கிறேன்.

அன்றைக்கு அவ்வளவு திட்டினேனே, "நீதானேம்மா கழட்டச் சொன்னே" என்று ஒரு வார்த்தை ஏன்டி திருப்பிக் கேட்கவில்லை?