தாழ்ந்து வரும் பந்தை யாருக்குப் போடுவது

நீ கேட்சராக உட்காரும்போது போட்ட முகக்கவசம் இப்போது என் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. நாளை காலை கடலூரில் மாவட்ட சாஃப்ட்பால் அணிக்கான தேர்வு. விடிவதற்குள் கிளம்ப வேண்டும் என்பதால் பி.டி. சார் கிட் பையை என்னிடமே கொடுத்தனுப்பிவிட்டார். பையைத் திறந்ததும் வாசனை வந்தது. உன் தேங்காய் எண்ணெய், வியர்வை, நெற்றியில் தேய்த்துக்கொண்டு வருவாயே அந்தத் தைலம். நீ காய்ச்சலில் போய், மழைக்காலமும் முடிந்து, வெயில் வந்துவிட்டது. கவசத்தின் உள்பஞ்சில் அது மட்டும் போகவில்லை. பையை மூடினேன். மறுபடி திறந்தேன். தூக்கம் போய்விட்டது.

அப்பா நைட் ஷிஃப்ட். அம்மா பக்கத்து அறையில் தூங்குகிறாள். உன் பெயரைச் சொன்னாலே விபூதியோடு வந்துவிடுகிறாள். "செத்த புள்ளைய நெனச்சுக்கிட்டே இருந்தா அது போகாதுடி, உன் மேலயே நிக்கும்" என்கிறாள். நின்றால் நிற்கட்டும் என்று சொல்ல எனக்குத் தைரியமில்லை. போர்வைக்குள் செல்போன் வெளிச்சத்தில் எழுதுகிறேன்.

பயமாக இருக்கிறது. எதற்கென்று உன்னிடமாவது சரியாகச் சொல்லிவிட வேண்டும்.

அந்தப் பந்து எப்படி வந்தது, ஞாபகம் இருக்கிறதா? பள்ளி மைதானத்தில் நல்ல வெயில். கையைச் சுற்றி வீசும்போது வேர்வையில் பந்து விரல் நுனியில் உருண்டு வழுக்கியது. நேராக உன் கையுறைக்கு வர வேண்டியது, மட்டை வீசுபவள் நிற்கும் பிளேட் கிட்டே வந்ததும் படியிறங்குவதுபோல இறங்கி, அதற்குப் பின்னால் உட்கார்ந்திருந்த உன் முழங்காலில் அடித்தது. நான் பயந்து ஓடிவந்தேன். நீ காலைத் தேய்த்துக்கொண்டே சிரித்தாய்.

"என்னாடி பண்ண? பந்து பாதி வழியில ஒக்காந்துகினு வருது!"

"தெரியாம வழுக்கிடுச்சுடி."

"இனிமே தெரிஞ்சே வழுக்க வுடு. நான் பாத்துக்கறேன்."

அந்த வருடம் முழுக்க வழுக்க விட்டோம். மட்டை இடுப்பு உயரத்தில் சுற்றும். பந்து முழங்காலுக்குக் கீழே போயிருக்கும். நெல்லிக்குப்பத்திலிருந்து வந்த ஒரு நெட்டைப் பெண் மூன்று முறை காற்றை அடித்துவிட்டு, "பந்துல நூலு கட்டியிருக்கீங்களா?" என்று எரிச்சலாகக் கேட்டாள். நீ கவசத்தைத் தூக்கி, "ஆமா, இன்னொரு முனை என்னாண்ட கீது, வேணுமா?" என்றாய். அம்பயர்கூட சிரித்துவிட்டார்.

இப்போது யோசித்தால் நீ சொன்னது விளையாட்டுப் பேச்சு இல்லை என்று தோன்றுகிறது. வேகமான நேர் பந்தை நான் தனியாகவே போட்டுவிடலாம். சுவர் இருந்தால் போதும். இறங்கும் பந்து அப்படி இல்லை. மண்ணில் குத்தி எந்தப் பக்கம் எழும்பும் என்று யாருக்கும் தெரியாது. கையால் பிடிக்க நினைத்தால் போய்விடும். முழங்காலைத் தரையில் போட்டு, தாடையை மார்பில் புதைத்து, உடம்பால் மறிக்க வேண்டும். அப்படி ஒருத்தி அங்கே உட்கார்ந்திருக்கிறாள் என்று தெரிந்தால்தான் என் விரல் பந்தை விடும். இல்லாவிட்டால் கடைசி நொடியில் இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது.

உன் இடத்தில் ஒன்பதாம் வகுப்பு பவித்ராவை சார் உட்கார வைத்தார். நாளையும் எனக்குப் பந்து பிடிக்க அவள்தான் வருகிறாள். சின்ன உருவம். வாய் மட்டும் பெரிசு. முதல் போட்டியிலேயே நான் போட்ட பந்து அவள் கால்களுக்கு நடுவே புகுந்து பின்னால் ஓடியது. மூன்றாவது பேஸில் நின்ற எதிரணிக்காரி அதற்குள் ஓடிவந்து ரன் எடுத்துவிட்டாள். தோற்றோம். சார் திட்டவில்லை. "இனிமே அந்தப் பந்து வேணாம்மா. நேரா போடு, வேகமா போடு. அங்க செலக்டருங்க கையில வேகம் அளக்கற ஸ்பீட் கன்தான் இருக்கும். வளையறத எழுத அவங்களுக்குக் கட்டமே கெடையாது" என்றார்.

அவர் சொன்னதும் பொய்யில்லை. போன வாரம் அந்தக் கருவியை மைதானத்துக்குக் கொண்டுவந்து அளந்தார். பக்கத்துப் பள்ளிப் பெண் ஒருத்தி என்னைவிட எவ்வளவோ வேகம். அவளைப் பார்த்துவிட்டு நான் தோள் கழன்றுவிடும்போல வீசினேன். எண் ஏறவே இல்லை. தேர்வானால் விளையாட்டு விடுதியில் சேர்ந்து பதினொன்றாம் வகுப்பு படிக்கலாம். ஆகாவிட்டால் பந்தை இதோடு ஏறக்கட்டு என்று அப்பா சொல்லிவிட்டார். என் நேர் பந்து யார் வேண்டுமானாலும் அடிக்கிற பந்து. இறங்கும் பந்தைப் போட்டு செலக்டர் முன்னால் அது பின்னால் ஓடிவிட்டால், அங்கேயே கதை முடிந்தது.

இன்று சாயங்காலம் நடந்ததைச் சொல்கிறேன். நேர் பந்தாகவே போட்டுக்கொண்டிருந்தேன். பவித்ரா திடீரென்று எழுந்து வந்தாள்.

"அக்கா, அந்த அக்காவுக்குப் போட்டத எனக்கும் போடுங்க."

"உனக்குப் பிடிக்க வராது."

"பிடிக்க வரலன்னா மேல வாங்கிக்கறேன். எனக்கென்ன, நான் என்ன கண்ணாடியா?"

போட்டேன். நன்றாக இறங்கியது. மண்ணில் குத்தி எழும்பி அவள் தோள்பட்டையில் பட்டது. அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கண்ணில் தண்ணீர். நான் கிட்டே போவதற்குள் துடைத்துக்கொண்டு, "இதுக்கா இவ்ளோ பில்டப்பு? இன்னொண்ணு போடுங்க" என்றாள்.

போட்டேன். இந்த முறை முழங்காலைத் தரையில் போட்டாள். பந்து அவள் மார்க்கவசத்தில் மோதி, அவள் முன்னாலேயே செத்த எலிபோல விழுந்தது. சரியாக நீ செய்வதுபோல. அவள் குதித்தாள். எனக்குக் கை வலிக்கிறது என்று பொய் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அவளுக்கு அடிபட்டபோது எனக்கு வராத பயம், அவள் மறித்துவிட்டபோது வந்தது. அவளால் முடியாது என்கிறவரை அந்தப் பந்து உன்னுடையது. அவளால் முடிந்துவிட்டால் நீ எங்கே போவாய்? இதைத்தான் எழுத வேண்டும் என்று இவ்வளவு நேரம் சுற்றிக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. தேர்வு, எண், அப்பா எல்லாவற்றுக்கும் பயம்தான். அவற்றை நாளை பார்த்துக்கொள்ளலாம். இதற்கு இன்றைக்கே பதில் வேண்டும்.

கேட் வரைக்கும் பவித்ரா பின்னாலேயே ஓடிவந்தாள். "அந்தப் பந்துக்கு என்ன சிக்னல்க்கா? அதையாவது சொல்லிட்டுப் போங்க." நான் திரும்பிப் பார்க்கவில்லை.

மற்ற பந்துகளுக்கெல்லாம் ஒரு விரல், இரண்டு விரல் என்று எல்லா அணிக்கும் பொதுவான சைகைதான். இதற்கு மட்டும் நீயாக ஒன்று வைத்தாய். கட்டைவிரலை மடக்கி, நான்கு விரல்களையும் தொடைக்கு நடுவே தொங்கவிடுவாய். "எங்க வூட்டு மாட்டு மடிடி இது. மடி காமிச்சா கீழ எறக்கு" என்றாய். முதல் தடவை நான் சிரித்த சிரிப்பில் பந்தையே போட முடியவில்லை. சாருக்குக்கூட இது தெரியாது.

நாளை பஸ்ஸில் பவித்ராவை என் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வேன். மடியைக் காட்டுவேன். அவள் கெக்கேபிக்கே என்று சிரிப்பாள். சார் என்னவென்று திரும்பிப் பார்ப்பார். சொல்லமாட்டோம். செலக்டர் அவர் எண்ணை எழுதிக்கொள்ளட்டும். அவள் மடி காட்டினால் நான் தலையசைத்து, விரலிலிருந்து பந்தை வழுக்க விடுவேன்.

இதுவரை நம் இருவருக்கு மட்டும் தெரிந்த ஒன்று, நாளையிலிருந்து மூன்று பேருக்குத் தெரியும்.