கன்ட்ரோல் இழந்தது மாணவி அல்ல, பாத்தி

அனுப்புநர்:
ஆட்டுக்காரி,
மேட்டுத் தெரு.
(‘லொள்ளு அக்கா’ என்று எழுதினால்தான் தபால்காரர் கொண்டுவருவார்.)

பெறுநர்:
உயர்திரு பதிவாளர் அவர்கள்,
பல்கலைக்கழகம்.

பொருள்: காடு, மேய்ச்சல் நிலப் படிப்பில் முதுகலை படிக்கும் மாணவியை இன்னொரு வருடம் படிக்கச் சொன்னது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் ஐந்தாவது வரைதான். ஆறாவதுக்கும் எனக்கும் ஒத்துவரவில்லை. எழுத்துப்பிழையைப் பொறுத்து விஷயத்தை மட்டும் பார்க்கவும்.

1. மேற்படி மாணவி என் வீட்டு மாடியில் குடியிருக்கிறாள். ஆடு மேய்ந்தால் புல் என்ன ஆகும், மேயாவிட்டால் என்ன ஆகும் என்று பார்ப்பதுதான் அவள் ஆராய்ச்சி. மேட்டில் ஒரு பாத்தியை என் ஆடுகளுக்கு விட்டாள். பக்கத்துப் பாத்திக்கு வேலி போட்டாள். வேலிக்குள் இருப்பதற்குப் பெயர் ‘கன்ட்ரோல்’. அதைப் பிள்ளைபோல் பார்த்துக்கொண்டாள். என் கிடா துரையும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தான்.

2. போன வெள்ளிக்கிழமை மாணவி ஆய்வுக்கூடத்தில் காய்ந்த புல்லை எடை போடப் போயிருந்தாள். அப்போது துறைத்தலைவர் விருந்தாளிகளுடன் வந்தார். நான் மரத்தின் மேல் தழை ஒடித்துக்கொண்டிருந்தேன். தலைவர் வேலிக்கதவைத் திறந்தார், உள்ளே நின்று போட்டோ எடுத்துக்கொண்டார், கதவைத் திறந்தபடியே போட்டுவிட்டுக் கிளம்பினார். நான் கத்தினேன். அவர் மரியாதையாகக் கையாட்டிவிட்டுக் காரில் ஏறினார். நான் இறங்கி வருவதற்குள் துரை முதுகலையை முடித்துவிட்டான்.

3. கதவை மூடாதது மாணவி என்று தலைவர் எழுதிவிட்டார். அவள் வாய் திறக்கமாட்டாள். பட்டத்துக்குக் கையெழுத்துப் போட வேண்டியவர் அவர். எனக்கு அவர் கையெழுத்து எதற்கும் தேவையில்லை. ஆகவே நான் எழுதுகிறேன்.

4. மாணவி அழுதுகொண்டே வீட்டுக்குப் போன் செய்து “கன்ட்ரோல் போச்சும்மா” என்றாள். மறுநாளே தாயார் என் வாசலில் நின்றார். “குடிக்கிறாளா? யாரையாவது கூட்டிட்டு வர்றாளா? மறைக்காம சொல்லுங்க.” “போனது புல்லுதாங்க, ஆடு தின்னுடுச்சு” என்றேன். “நீங்களும் கூட்டா?” என்றார். மேட்டுக்குக் கூட்டிப்போய்ப் பாத்தியைக் காட்டியபின் நம்பினார். நம்பியதுதான் வம்பாகிவிட்டது. “புல்லுக்காகவா இன்னொரு வருஷம்? படிச்சது போதும், பெட்டியக் கட்டுடி” என்றுவிட்டார்.

5. அந்த வெள்ளிக்கு முன்னால் அளந்து வைத்ததே போதும், எழுதி முடித்துவிடுவேன் என்கிறாள் மாணவி. தலைவர்தான் ஒத்துக்கொள்ளவில்லை.

ஆகவே, செய்யாத தப்பை அவள் தலையிலிருந்து இறக்கி, இந்த வருடமே முடிக்க உத்தரவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். கூப்பிட்டால் சாட்சி சொல்ல வருவேன். துரையையும் ஓட்டி வருவேன். அன்றைக்கு உங்கள் அலுவலகக் கதவை யாராவது மூடி வைக்கட்டும்.

பெட்டி கட்டியாகிவிட்டது. அதன் சாவி என்னிடம் இருக்கிறது. தாயார் காலையிலிருந்து தேடுகிறார். இதை எழுதும்போது தவிட்டு மூட்டைப் பக்கம் வந்துவிட்டார். தயவுசெய்து சீக்கிரம்.

இடம்: மேட்டுத் தெரு
நாள்: புதன்கிழமை

இப்படிக்கு,
மரத்தின் மேலிருந்து பார்த்தவள்
(கையொப்பம்: லொள்ளு அக்கா)