எதிர்ப்பக்கச் சுற்று

மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நலமா என்று கேட்டால் "இருக்கேன்" என்று ஒற்றை வார்த்தையில் முடித்துவிடுவாய். அதனால் கேட்கவில்லை. வேளாவேளைக்குச் சாப்பிடு.

உன் அத்தானுடைய கிடாரைப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். அவர் போய் ஒரு வருஷம் ஓடிவிட்டது. தையல் கடையை மூடிவிட்டு அடுத்த மாதம் மகள் வீட்டோடு போகிறேன். அங்கே எனக்கு ஒரு கட்டில், அரை அலமாரி. கிடார் மாட்டச் சுவர் கிடையாது. பழைய எலக்ட்ரிக் கிடார்களைத் தேடித் தேடிச் சேர்க்கிற ஒருவர் வாங்கிக்கொள்கிறேன் என்கிறார். எல்லாம் அசல்தான் என்று மதிப்பீட்டாளரான நீ எழுதிக் கொடுத்தால் போதுமாம். "அவர் கையெழுத்து இருந்தா நான் கண்ணை மூடிக்கிட்டு வாங்குவேன்மா" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

அசல்தான், அதில் சந்தேகமே வேண்டாம். "இதுல ஒரு ஸ்க்ரூகூட மாறல" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்ன மனிதர். கடைசி ஆறேழு வருஷம்தான் தொடவே இல்லை. "என் காது போயிடுச்சு" என்று சுவரில் மாட்டியதோடு சரி. தூசியை நான்தான் துடைத்து வந்தேன்.

சீக்கிரம் எழுதி அனுப்பு. எப்போதும்போல ஆடி அசைந்து செய்யாதே.

உன் அக்கா


மார்ச் 13

அன்புள்ள அக்காவுக்கு,

இருக்கேன். நீ எதிர்பார்த்த ஒற்றை வார்த்தை.

கிடாரை முழுக்கத் திறந்து பார்த்தேன். வால்யூம் குமிழ்களின் அடியில் பொறித்த எண்ணை வைத்து எந்த வருஷம், எந்த வாரம் செய்தது என்று சொல்லலாம். அது சரியாக இருக்கிறது. வெளியே மஞ்சளேறிய பெயிண்ட், முன்தகட்டுக்கு அடியில் இன்னும் பால்வெள்ளையாக இருக்கிறது. புறஊதா விளக்கில் பிடித்தும் பார்த்தேன், பிற்பாடு அடித்த மேல்பூச்சு எங்கும் இல்லை.

ஒரே ஒரு குறை. கம்பிகளுக்கு அடியில் ஒலியை வாங்குகிற காந்தக்கட்டை, பிக்கப் என்போமே, அது இரண்டில் ஒன்று அசல் இல்லை. பிற்காலத்தது. அத்தானே எங்காவது கொடுத்து மாற்றியிருப்பார். வாசிக்கிறவர்கள் செய்வதுதான், வீட்டில் சொல்லிக்கொண்டா செய்வார்கள்? இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. அறிக்கையில் மட்டும் மறைக்க முடியாது. உள்ளே எடுத்த படங்களை எங்கள் ஆபீஸ் உனக்கும் ஒரு பிரதி அனுப்பும். அது இங்கே வழக்கம்.

உன் தம்பி


மார்ச் 19

தம்பிக்கு,

"அத்தானே மாற்றியிருப்பார்" என்ற வரியைப் படித்துவிட்டு இரண்டு நாள் அவர் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து சண்டை போட்டேன். "என்கிட்டகூடப் பொய்யா?" என்று கேட்டேன். வாய்க்கு வந்தபடியெல்லாம் பேசினேன்.

அப்புறம் படங்கள் வந்தன. ஊசி கோக்க வைத்திருக்கும் பூதக்கண்ணாடியை எடுத்துப் பார்த்தேன். ஈயம் பற்றவைப்பதற்கு முன்னால் ஒயரை அது சேருகிற உலோகக் காலில் இரண்டு சுற்றுச் சுற்றியிருக்கிறார்கள். மற்ற ஒயர்கள் எல்லாம் ஒரு பக்கமாகச் சுற்றியிருக்கின்றன. நீ குறை சொன்ன பிக்கப்பின் ஒயர் மட்டும் எதிர்ப்பக்கம்.

வேலையில்லாமல் இருந்த வருஷம் என் கடையில் பொத்தான் தைத்தாயே, ஞாபகம் இருக்கிறதா? பொத்தானுக்கு அடியில் நூலை இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போடக் காட்டிக் கொடுத்தேன். இடதுகைக்காரன் நீ, எதிர்ப்பக்கமாகச் சுற்றுவாய். நூலைப் பார்த்தே "இது அய்யா தைச்ச சட்டை" என்று உன்னைக் கேலி செய்வேன்.

கிடார் அவர் கையைவிட்டுப் போனது ஒரே முறைதான். மகள் கல்யாணத்துக்கு முந்தின வாரம், சுத்தம் செய்ய உன்னிடம் கொடுத்தார்.

இடதுகைக்காரர்கள் எத்தனையோ பேர் இருக்கலாம். "நான் இல்லை" என்று ஒரு வரி எழுது. நம்பிவிடுகிறேன்.

அக்கா


மார்ச் 28

அக்கா,

அந்த ஒரு வரியை எழுதத்தான் இத்தனை நாள் உட்கார்ந்திருந்தேன். வரவில்லை.

சுத்தம் செய்யும்போது ஸ்க்ரூ டிரைவர் நழுவிவிட்டது. பிக்கப்பில் சுற்றியிருக்கும் செப்புக் கம்பி தலைமுடியைவிட மெல்லியது. அறுந்துபோனது. கல்யாணத்துக்கு நாலே நாள், எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கைவசம் இருந்த வேறொன்றை மாட்டினேன். கல்யாணம் முடியட்டும், சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

அத்தான் மேடையில் வாசித்துவிட்டு இறங்கி நேரே என்னிடம் வந்தார். "மாப்ளே, குரல் மாறியிருக்கு. என்னமோ ஆயிருக்கு" என்றார். சுற்றிலும் சம்பந்தி வீட்டார். தப்பித்தால் போதும் என்று, "கிடாருக்கு ஒண்ணுமில்ல அத்தான், உங்க காதுக்குத்தான் வயசாயிடுச்சு" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அதற்குப் பிறகு எப்படிச் சொல்வது? தள்ளிப் போட்டேன். தள்ளிப் போடப் போட வாயே திறக்க முடியாமல் ஆகிவிட்டது.

இப்போதும் வாய் கூசாமல் செத்துப்போன மனிதர்மேல் பழியைப் போட்டேனே, அதை நினைத்தால் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

அசல் பிக்கப்பை எறியவில்லை. ஒரு டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். புதிதாகக் கம்பி சுற்றி மாட்டித் தருகிறேன். மன்னிப்புக் கேட்க எனக்கு முகமில்லை. ஆனாலும் கேட்கிறேன் அக்கா.

உன் தம்பி


ஏப்ரல் 3

தம்பி,

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். அந்தக் கல்யாணத்துக்கு அப்புறம் அவர் மூன்று முறை காது டாக்டரிடம் போனார். மூன்று முறையும் "காது நல்லா இருக்கு" என்றுதான் சொன்னார்கள். "டாக்டருக்கு என்ன தெரியும்? உன் தம்பிக்குத் தெரியும்" என்பார். கடைசியில் வீட்டில் ரேடியோகூட வேண்டாம் என்றார். எது சரியாகக் கேட்கிறது, எது தப்பாகக் கேட்கிறது என்றே தெரியவில்லையாம்.

நானும்தான் சொன்னேன். "அவன் எத்தனை கிடார் பார்த்தவன், அவன் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றேன். ஒரு தடவை இல்லை, பல தடவை. டாக்டரை நம்பியிருக்கலாம். அவரையே நம்பியிருக்கலாம். நான் உன்னை நம்பினேன்.

கிடாரை விற்கவில்லை. என் கட்டிலுக்கு அடியில் வைத்துக்கொள்ளலாம் என்கிறாள் மகள். நீ கம்பி சுற்ற வேண்டாம். அந்த டப்பாவைச் சேர்த்துத் திருப்பி அனுப்பு.

எனக்கு ஒரு சான்று மட்டும் வேண்டும். கிடாருக்கு இல்லை, அவர் காதுக்கு. தம்பி என்று போடாதே. ஊரே நம்புகிற அந்தக் கையெழுத்தைப் போடு. அவர் படத்துக்குப் பின்னால் வைக்க வேண்டும்.

அதற்கப்புறம் எனக்கு எழுதாதே.


ஏப்ரல் 9

சான்று

மேற்படி கிடாரைத் திறந்து ஒவ்வொரு பாகமாகப் பரிசோதித்தேன். எட்டு வருஷங்களுக்கு முன்பு, கல்யாண மண்டபத்தில், "குரல் மாறியிருக்கு" என்று இதன் உரிமையாளர் சொன்னது சரி. மண்டபத்தில் இருந்த அத்தனை பேரில் அதைக் கண்டுபிடித்தவர் அவர் ஒருவர்தான். அவர் காதில் எந்தக் குறையும் இருந்ததில்லை.

பாகத்தை மாற்றியவன் நான். தெரிந்தே மறைத்தவனும் நான்.

இணைப்பு: அசல் பிக்கப், ஒன்று. அறுந்தது.

மதிப்பீட்டாளர்