ஓருறுப்பியும் பல்லுறுப்பியே

14.10.1985
தங்கை இராசேஸ்வரி, வயது முப்பத்தெட்டு, டிசம்பரில் சாதாரணதரக் கணிதம் எழுதுகிறாள். சித்தியடைந்தால் கரம்பொன் சங்கக்கடையில் எழுதுவினைஞர் வேலை. கணித ஆசிரியன் நான் வீட்டிலிருக்க, அவள் வெளியே கற்பது முறையன்று. நானே பொறுப்பேற்றேன்.
என் மனைவி காலமான பின் குசினி அவள் கையில்தான். அவள் வேலைக்குப் போனால் உலை வைப்பது யார்? அது வேறு வினா. இதனோடு கலக்கக் கூடாது.

17.10.1985
முதற்பாடம் பல்லுறுப்பி. அதில் x போன்ற மாறியின் சுட்டி மறையல்லாத முழுவெண்ணாக இருத்தல் வேண்டும். ஆகவே 3/x + 2 பல்லுறுப்பியன்று. 5x² ஓருறுப்பி, x + 3 ஈருறுப்பி, x² + 5x + 6 மூவுறுப்பி.
"5x² இல ஒரு உறுப்புத்தானே அண்ணை, அது எப்பிடிப் பல்லுறுப்பி?"
ஓருறுப்பியும் பல்லுறுப்பியே. கொப்பி முடியும்வரை எழுதச் சொன்னேன். எழுதினாள். அடுப்பில் மீன் கருகியது. அதற்கும் ஏசினேன்.

2.11.1985
சங்கக்கடை மனேச்சர் தியாகலிங்கம் வந்திருந்தார். தேநீர் கொண்டுவந்தவளை மறித்துக் கேட்டேன்.
"5 பல்லுறுப்பியோ?"
"இல்லை அண்ணை. அதில x இல்லையே."
"மாறிலியும் பல்லுறுப்பி. அதின்ர படி பூச்சியம். உன்ர மூளையின்ர படியும் அதுதான்."
தியாகலிங்கம் சிரித்தார். "மாஸ்ரர், உதெல்லாம் படிச்சே நான் சீனி நிறுக்கிறன்?"
அவள் தட்டத்தை வைத்துவிட்டுக் குசினிக்குப் போனாள்.

24.11.1985
"காரணிப்படுத்தல் எப்ப தொடங்குவம்? சோதினைக்கு ரண்டு கிழமைதான் கிடக்கு."
வகைகளைப் பிழையறச் சொன்ன பின்னரே என்றேன். இன்று பூச்சியத்தில் விழுந்தாள். பூச்சியமும் பல்லுறுப்பியே, அதற்குப் படி வரையறுக்கப்படவில்லை. அழுதாள்.
வேண்டுமென்றே தாமதிக்கிறேனா? இல்லை. விதி விதிதான்.

11.12.1985
சோதினை எழுதிவிட்டு வந்தவளை வாசலில் மறித்தேன். "என்ன கேட்டவங்கள்?"
"x² + 5x + 6. காரணிப்படுத்தட்டாம்."
"என்ன எழுதினாய்?"
"மூவுறுப்பி எண்டு எழுதிப்போட்டு வந்தனான்."
கூற்று சரி. புள்ளி கிடையாது.

29.4.1986
பெறுபேறு வந்தது. சித்தியில்லை. வேலை றோசம்மா என்பவளுக்குப் போயிற்று. மதியச் சாப்பாடு நேரத்துக்கு வந்தது.

2.5.1986
சாப்பாட்டுக் கோப்பையில் வெறுஞ்சோறு.
"கறி எங்கை?"
"ஒண்டை மட்டும் வைச்சாலும் சாப்பாடுதான் அண்ணை. ஓருறுப்பி."
விடையில் பிழை காண முடியவில்லை. தின்றேன்.

19.5.1986
வெறுஞ்சோறு. குசினியில் அவள் தனக்கு மீன் பொரிக்கும் வாசம். கேட்கவில்லை – கேட்டால் என்ன சொல்வாளென்று தெரியும்.

8.6.1986
மேசையில் கழுவிய கோப்பை, அதில் ஒன்றுமில்லை. கூப்பிட்டேன். குசினி பூட்டிக் கிடந்தது. அவள் உடுப்பு வைக்கும் றங்குப்பெட்டியைக் காணவில்லை.
அயல்வீட்டு மாக்கிறேற் வேலிக்கு அப்பாலிருந்து குரல் கொடுத்தாள். "ஏன் மாஸ்ரர் கத்துறியள்? அக்கா விடியவே மண்கும்பானுக்குப் போட்டா. ஓலைப்பாய் இழைக்கிற வேலையாம். இனி வரமாட்டாவாம். உங்களிட்டை ஒண்டு சொல்லச் சொன்னவ: பூச்சியமும் பல்லுறுப்பிதானாம். அப்பிடியெண்டால் என்ன மாஸ்ரர்?"
உள்ளே வந்தேன்.
கூற்று சரி. பொழுது சாய்கிறது, இன்னும் சாப்பிடவில்லை.